கோடியக்கரையிலிருந்து எந்த எம்பிஏ?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அடுத்த ஒன்பதாம் நாள், நவம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை, ஐஐஎம்களுக்கான கேட் நுழைவுத்தேர்வு நாடெங்கும் நடந்தது. வேதாரண்யம் வட்டத்தில் அன்றைக்கு மின்கம்பங்கள் சரிந்து கிடந்தன. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்திருந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. கேட் தேர்வு பெரும்பாலும் நவம்பரின் கடைசி ஞாயிறில்தான் வருகிறது. டெல்லிக்கும் பெங்களூருக்கும் அது இதமான குளிர்காலத் தொடக்கம். கோடியக்கரைக்கு அது புயல் மாதம். தேர்வுத் தேதியில் தொடங்கும் இந்தப் பொருத்தமின்மை, கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலும் கடன் வாங்குவதிலும் வேலைக்குப் போவதிலும் தொடர்கிறது. அதைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்பட்ட ‘சிறந்த எம்பிஏ கல்லூரிகள்’ பட்டியல் எதுவும் இந்தக் கரையில் பிறந்த மாணவருக்கு அதிகம் உதவாது.

கோடியக்கரையில் பணம் சீராக வருவதில்லை. ஐப்பசியில் தொடங்கித் தை, மாசி வரை மீன்பிடிப் பருவம். நாகை, மயிலாடுதுறைக் கடற்கரையின் மற்ற ஊர்களிலிருந்தும் மீனவர்கள் படகும் வலையுமாக வந்து வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் வேலை இருப்பது வெயில் மாதங்களில்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் வெள்ளக்காடு. உள்ளே திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால் சம்பா அறுவடையும், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டுப் பணம் பார்ப்பதும் தையிலும் மாசியிலும். வங்கியின் கல்விக்கடன் தவணைக்கு மட்டும் பருவம் கிடையாது. மாதா மாதம் வந்து நிற்கும்.

எனவே இந்தப் பகுதியிலிருந்து மேலாண்மை முதுகலை படிக்கக் கிளம்புகிறவர் தரவரிசையைப் புரட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: படித்து முடித்த மறுமாதம் எந்த ஊரில், என்ன வேலையில் இருக்க விரும்புகிறோம்? அந்த வேலையின் சம்பளம் படிப்புக்கு வாங்கும் கடனைத் தாங்குமா? எவ்வளவு கடனோடு பட்டம் வாங்குகிறோம் என்பதே, பின்னால் ஊர் திரும்பும் உரிமை நமக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். எஞ்சியவை அதற்கான சான்றுகள்.

கொஞ்சம் வரலாறு. ஹார்வர்டு 1908இல் எம்பிஏ வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மேலாண்மை நிறுவனங்களில் ஒன்று 1953இல் கல்கத்தாவில் வந்தது. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் பிறந்தன. முன்னதற்கு எம்ஐடியின் ஸ்லோன் பள்ளியும் பின்னதற்கு ஹார்வர்டும் கைகொடுத்தன. ஃபோர்டு அறக்கட்டளை பணம் தந்தது. திட்டமிட்ட தொழில்மயத்தின் காலம் அது. பெரிய ஆலைகளையும் பொதுத்துறை நிறுவனங்களையும் நடத்த ஆள் வேண்டியிருந்தது. நெல், மீன், உப்பு ஆகியவற்றை யார் நிர்வகிப்பது என்ற கேள்வி அந்த வரைபடத்தின் நடுவில் இல்லை.

அந்தக் கேள்வியை உள்ளிருந்தே எழுப்பியவர்கள் இருந்தார்கள். அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய், பதவியிலிருந்து தானாகவே விலகிய பின், 1975இல் ராஜஸ்தானின் ஜவாஜா பகுதியில் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் ஒரு பரிசோதனையில் இறங்கினார். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியனுக்கு இன்னொரு கோபம். ஐஐஎம்மில் படித்தவர்கள் பால் கூட்டுறவுகளுக்கு வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. அந்த ஆதங்கத்திலிருந்து 1979இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கழகம், சுருக்கமாக இர்மா, எழுந்தது. 2025இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. இர்மாவிலும் பின்னாளில் பலர் வங்கிகளுக்கும் நுகர்பொருள் நிறுவனங்களுக்கும் போனார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கடனும் சம்பளமும் எங்கும் தம் வேலையைச் செய்யும்.

இனி கணக்கு. ஒரு ஐஐஎம்மில் இரண்டாண்டுக் கட்டணம் இன்று 20 லட்ச ரூபாயை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கிறது. 20 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 26,400 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை அவ்வப்போது கட்டாவிட்டால் இன்னும் கூடும். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் பல ஐஐஎம்களில் இடைநிலை ஊதியம், அதாவது ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை, ஆண்டுக்கு 15 லட்சத்துக்கு மேல். வருமான வரியும் பிடித்தங்களும் போக மாதம் ஒரு லட்சம் கையில் வந்தால் தவணை அதில் கால் பங்கு. மும்பையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவருக்கு இது தாங்கக்கூடிய கடன்தான்.

இப்போது இன்னொரு கணக்கு. பெயர் தெரியாத ஒரு தனியார் கல்லூரி; கட்டணமும் விடுதியுமாக 6 லட்சம். ‘ஐஐஎம்மில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே’ என்று வீட்டில் நிம்மதி. அதே வட்டி, அதே காலம்: தவணை 7,900 ரூபாய்க்கு மேல். படித்து முடித்தவருக்கு மாதம் 20,000 ரூபாயில் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்தால், சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கடனுக்கே போகிறது; அதுவும் வாடகை கொடுக்க வேண்டிய நகரத்தில். மிக விலையுயர்ந்த பட்டமும் தப்பிக்கிறது, மிக மலிவான பட்டமும் தப்பிக்கிறது. டெல்டாக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது நடுவில். நகையை அடகு வைத்தோ ஒரு மா நிலத்தை விற்றோ சேர்க்கும் படிப்புகள் பெரும்பாலும் இந்த நடு வகையைச் சேர்ந்தவை. நான் பார்த்தவரை ஐஐஎம் கட்டணத்தைக் கேட்டுப் பயப்படும் அதே வீடு இந்த 6 லட்சத்துக்குப் பயப்படுவதில்லை. பயம் இடம் மாறியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட ஒரே ஒரு எண் கல்லூரியிடமிருந்து வேண்டும்: வேலை பெற்றவர்களின் இடைநிலை ஊதியம். அதிகபட்ச ஊதியமும் சராசரியும் வேண்டாம். பத்துப் படகு கடலுக்குப் போய் ஒன்றுக்கு மட்டும் காலா மீன் குவிந்தால் பத்துக்கும் சேர்த்து எடுக்கிற சராசரி அழகாகத்தான் இருக்கும். வெறும் வலையோடு வந்த படகுக்காரருக்கு அதனால் என்ன? கல்லூரி விளம்பரப் பலகைகள் பேசுவது அந்த ஒரு படகைப் பற்றி. இடைநிலை எண் கிடைக்காத ரகசியமும் அல்ல. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் மேலாண்மை நிறுவனங்களையும் வரிசைப்படுத்துகிறது. அதில் பங்கேற்கும் நிறுவனம் எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலை ஊதியம் எவ்வளவு என்பதை ஆண்டுவாரியாகத் தர வேண்டும். அந்தத் தரவு பொதுவெளியில் இருக்கிறது. தரவரிசை எண்ணைவிட அதன் பின்னால் இருக்கும் இந்தப் பக்கம்தான் பயனுள்ளது. அதிலேயே பங்கேற்காத கல்லூரி என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

எம்பிஏ பட்டமா பிஜிடிஎம் பட்டயமா என்று தேநீர்க்கடை வரை நடக்கும் வாதத்துக்கு இவ்வளவு எடை தேவையில்லை. பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. தன்னாட்சி நிறுவனங்கள் பட்டயம்தான் தரமுடியும். 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டம் வரும்வரை ஐஐஎம்களே பட்டயம்தான் தந்துகொண்டிருந்தன. அதனால் யாருக்கும் வேலை போகவில்லை. அரசுப் பணி, பேராசிரியர் பணி, முனைவர் பட்ட ஆய்வு என்று போக நினைப்பவர்கள் மட்டும் பட்டயத்தின் சமநிலை ஏற்பை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளட்டும். வெளிநாட்டுப் படிப்பையும் இதே வேகத்தில் கடந்துவிடலாம்: கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர்க் குடும்பங்களுக்குச் சிங்கப்பூரும் வளைகுடாவும் பக்கத்து ஊர் மாதிரி என்றாலும், அங்கே சம்பாதிக்கும் உறவினர் இல்லாத வீட்டிலிருந்து டாலர்க் கடனில் எம்பிஏ போவது வேலை அனுமதி விதிகளின்மேல் வைக்கும் பந்தயம்.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் காவிரிப் படுகை அப்படியொன்றும் வறண்டதில்லை. திருச்சி ஐஐஎம் 2011இல் தொடங்கியது. முதலில் என்ஐடி வளாகத்தில் இருந்து, பின் புதுக்கோட்டைச் சாலையில் சின்ன சூரியூருக்குப் போனது. என்ஐடியிலேயே மேலாண்மைத் துறை அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எம்பிஏ நடத்துகிறது. பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம், மாணவர் வாயில் ‘பிம்’, 1984இல் பெல் வளாகத்தில் பிறந்தது. பல்கலைக்கழகமும் தொழில்துறையும் சேர்ந்து நடத்திய முயற்சி. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் எம்பிஏ உண்டு, கட்டணம் குறைவு. மாநில நுழைவுத்தேர்வான டான்செட் எழுதி ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகத் துறைகளையும் எட்டலாம். பெயர் ஐஐஎம் அளவுக்கு ஓங்கி ஒலிக்காது. ஆனால் 2 லட்ச ரூபாய்க் கடனின் தவணை 2,650 ரூபாய்க்குள் முடியும். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப்பாதை திறந்தபின் 37 கிலோமீட்டர் ரயில் மீண்டும் ஓடுகிறது. தூரம் முன்னளவுக்கு ஒரு தடையில்லை.

அந்த 2,650 ரூபாய்க்கும் 26,400 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு எங்கே தெரியும் என்றால் இந்தப் பகுதியின் சொந்த வேலைச் சந்தையில். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று ஆண்டுகளில் 18 லட்ச ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி. அதற்குள் முதன்மைச் செயல் அலுவலரின் சம்பளத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வரை. முன்னூறு உழவர்களின் பங்குப் பணத்தை வைத்து நெல் வாங்கி, ஈரப்பதம் பார்த்து, அரைத்து, விற்று, வங்கியில் மூலதனக் கடன் பேசி, ஜிஎஸ்டி கட்டி, ஆண்டுப் பொதுக்குழுவில் பதில் சொல்ல வேண்டிய வேலை அது. பாடப்புத்தகத்தில் உள்ள நிதி, சந்தை, மனிதவளம், சட்டம் எல்லாம் ஒரே ஆளின் தலையில். அதற்கு அரசு தரும் உச்சபட்சத் தொகை ஐஐஎம் கடன் ஒன்றின் மாதத் தவணையைவிடக் குறைவு. ஆகவே ஐஐஎம்மில் கடன் வாங்கிப் படித்தவர் விரும்பினாலும் இந்த வேலைக்கு வர இயலாது. இதில் அவருடைய ஊர்ப்பற்றைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை. கூட்டல் கழித்தல்தான்.

மீனிலும் உப்பிலும் நிலைமை வேறுவிதம். ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த வேதாரண்யத்தில் இன்று பெரிய ரசாயன நிறுவனங்களின் உப்பளங்களும் சிறு உற்பத்தியாளர்களின் பாத்திகளும் அருகருகே இருக்கின்றன. முன்னதில் மேலாளர் பணி உண்டு, எண்ணிக்கை குறைவு. பின்னதில் தேவை உண்டு, பணியிடம் கிடையாது. மீனில் ஏலமும் முன்பணமும் வியாபாரியின் கையில். குளிர்பதனமும் ஏற்றுமதியும் பெரும்பாலும் வெளியூர்களில். நாகப்பட்டினத்தில் 2012இல் மீன்வளப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. மீன்வள வணிக நிர்வாகத்துக்கென இளநிலைப் படிப்பும் அதன்கீழ் நடக்கிறது. பொது எம்பிஏவுக்கு மாற்றாகத் துறைசார் படிப்புகளைப் பார்ப்பவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக எம்பிஏ, ஹைதராபாத் மேனேஜ் நிறுவனத்தில் 1996 முதல் நடக்கும் வேளாண் வணிகப் பட்டயம், அகமதாபாத் ஐஐஎம்மிலேயே உணவு–வேளாண் வணிகத்துக்கான தனி வகுப்பு எனப் பல வாசல்கள் உண்டு. வேளாண்மை, மீன்வளம், உணவுப் பதப்படுத்தல் படித்தவர்களுக்கு இவற்றில் முன்னுரிமை. பொறியாளர்கள் நிறைந்த பொது எம்பிஏ வரிசையில் நிற்பதைவிட, இந்தச் சிறிய வரிசையில் நிற்பது டெல்டா மாணவருக்கு அறிவார்ந்த முடிவு என்பது என் கணிப்பு. ஆனால் அந்த வாசல் பிளஸ் டூ முடிந்து இளநிலைப் பாடத்தை எடுக்கும்போதே பாதி மூடிவிடுகிறது. அதைச் சொல்ல அந்த வயதில் யாரும் இருப்பதில்லை.

மேலாண்மைப் படிப்பால் இந்தக் கரைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் காட்ட ஆள் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த வாரங்களில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. ஒரே ஊருக்கு நான்கு பேர் அரிசி கொடுத்தார்கள், இன்னொரு ஊருக்கு யாரும் போகவில்லை. அந்தக் குழப்பத்துக்கு நடுவே நாகையில் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நடத்தியதில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புக்கும் ஸ்நேகா அமைப்புக்கும் பெரும்பங்கு. கூட்டமைப்பின் தலைமையில் இருந்தவர் வி. விவேகானந்தன், இர்மாவில் படித்தவர். எந்த ஊரில் எத்தனை படகு, எத்தனை வலை, யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு அங்கே உயிர் காக்கும் கருவியானது. இன்னொருவர் எம்.பி. வாசிமலை. வேளாண்மை படித்து, அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மை முடித்து, பிரதான் அமைப்பில் பணியாற்றி, 1997இல் மதுரையில் தானம் அறக்கட்டளையைக் கட்டியவர். வைகை, காவிரிப் பகுதிகளின் கண்மாய்களும் ‘களஞ்சியம்’ சுயஉதவிக் குழுக்களும் அந்த அமைப்பின் களம். அது டாடா அறக்கட்டளையோடு சேர்ந்து தொடங்கிய டாடா–தானம் அகாதெமி, வளர்ச்சி மேலாண்மையில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைத் தமிழ்நாட்டிலேயே கொண்டுவந்தது. வாசிமலை படித்த தலைமுறையில் ஐஐஎம் கட்டணம் இன்றைய அளவில் எங்கும் இல்லை என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் இந்த உதாரணத்தைப் படிக்க வேண்டும். கட்டணம் இன்றைக்கு இருப்பதுபோல் இருந்திருந்தால் அவர் மதுரைக்குத் திரும்பியிருப்பாரா என்ற கேள்வி நியாயமானது.

கடனைக் குறைக்க வழிகள் இருக்கின்றன; அவை தெரிய வேண்டிய வீடுகளுக்குத் தாமதமாகத் தெரிகின்றன. மீனவச் சமூகங்களுக்கு மாநிலத்தில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்று இருக்கும். ஐஐஎம், என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் எதிலும் அந்த அட்டை செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்று வட்டாட்சியர் தரும் ஓபிசி சான்று தனியாக வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக. கேட் பதிவு ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. எனவே ஜூனிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுவது நல்லது. 27 சதவீத இடஒதுக்கீடு ஒரு காகிதத்தால் கைநழுவுவதை வேறெப்படித் தடுப்பது? பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், ஐஐஎம் உள்ளிட்ட உயர்தர நிறுவனங்களின் கட்டணத்தை ஏற்கும் மத்திய உதவித்தொகை உண்டு. இடங்கள் வரையறைக்கு உட்பட்டவை. ஓபிசி பிரிவினருக்கான இதேபோன்ற திட்டத்துக்கு வரம்பு 2.5 லட்சம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட தரமான நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்பவர்களுக்குப் பிணையில்லாக் கடன் கிடைக்கும். வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையான கடனில், தவணை தொடங்கும்வரையான காலத்துக்கு வட்டி விகிதத்தில் 3 சதவீதப் புள்ளி மானியம். நகையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

மதிப்பெண் விஷயமும் ஒன்று. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்களைப் பல ஐஐஎம்கள் நேர்காணலுக்கு அழைக்கும்போதே எடைபோடுகின்றன. கேட் தேர்வில் நாற்பது நிமிடம் ஆங்கில வாசிப்புக்கு. தமிழ்வழியில் படித்தவருக்கு இது நாலு மாதப் பயிற்சியில் கைவருவதில்லை. பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலிருந்தே நாளொன்றுக்கு ஒரு ஆங்கிலக் கட்டுரை படித்தால் வரும். வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படிப்பதும் கௌரவக் குறைவில்லை. கூட்டுறவு வங்கியிலோ, உப்பு நிறுவனத்திலோ, ஏற்றுமதிக் கூடத்திலோ இரண்டு மூன்று ஆண்டு இருந்தவர் எம்பிஏ வகுப்பில் கேட்கும் கேள்விகளே வேறு. வேலையை விடமுடியாதவர்களுக்கு இக்னோ போன்ற தொலைநிலை எம்பிஏக்கள் உண்டு. சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்பதை மட்டும் அதன் இணையப் பட்டியலில் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முகவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் மாணவர் பக்கத்துக் கணக்கு. அரசின் பக்கமும் ஒன்று பாக்கி இருக்கிறது. உழவர் நிறுவன அலுவலருக்கான சம்பள உதவி மூன்றாண்டில் நிற்கிறது. வியாபாரம் அதற்குள் கால் ஊன்றாத இடங்களில் அலுவலர் கிளம்பிவிடுகிறார், கணக்குப் புத்தகம் தலைவர் வீட்டு அலமாரிக்குப் போகிறது. கிராமங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை மருத்துவ இடங்களில் ஒதுக்கீடு தருவதைத் தமிழ்நாடு நெடுங்காலமாகச் செய்து வந்தது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. மேலாண்மைப் படிப்புக்கும், சேவைக்குக் கைம்மாறு தரும் இதுபோன்ற வழியை யோசிக்கலாம். டெல்டாவின் நெல், மீன், உப்பு உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் ஐந்தாண்டு வேலை செய்பவரின் கல்விக்கடன் தவணையை அந்த ஐந்தாண்டும் அரசே கட்டட்டும். ஒரு ஆளுக்கு, 20 லட்சக் கடனுக்கே, ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாய்க்குள் அடங்கும். திருவாரூரில் குறைந்த கட்டணத்தில் படித்தவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.